நான் தைத்த கர்னல்கள்

1919 ஆகஸ்ட் 19, நோவரசீஸ்க் துறைமுகம்

ராணிப்பேட்டையிலிருந்து பஸ்ரா, பஸ்ராவிலிருந்து கான்ஸ்டான்டிநோபிள், அங்கிருந்து இங்கே. ஜெர்மன்காரனோடு சண்டை முடிந்ததும் ஊருக்கு அனுப்புவார்கள் என்று பெட்டி கட்டி வைத்திருந்தேன். பெல்லாமி துரை கூப்பிட்டு, ருஷ்யாவில் கொஞ்சம் பித்தான் வேலை இருக்கிறது டெய்லர் என்றார். அவர் ஸ்டோர் அதிகாரி. கொஞ்சம் என்று அவர் எதைச் சொன்னாலும் அது ஒரு வருஷம் பிடிக்கும்.

விஷயம் இதுதான். ருஷ்யர்களும் ருஷ்யர்களும் அடித்துக்கொள்கிறார்கள். ஒரு பக்கம் சிவப்புப் படை. ராஜா போனபின் நாட்டைப் பிடித்துக்கொண்டவர்கள். இன்னொரு பக்கம் தொண்டர் படை. பழைய ராணுவத்து அதிகாரிகள் யாரும் கூப்பிடாமல் தாங்களே சேர்ந்து கட்டிய படை. நம் சர்க்கார் இந்தத் தொண்டர்களுக்குத் துணிமணி, பூட்ஸ், பீரங்கி எல்லாம் கப்பல் கப்பலாக அனுப்புகிறது. துணி ருஷ்ய உடம்புக்குச் சேராது. சேர்த்துத் தைக்க நான். துரைகளுக்குச் சமைக்க முனிரத்தினம். ஆம்பூர்க்காரன், ஐந்து வருஷமாக என்னோடு ஒரே கூடாரம்.

"இன்னாபா, ஆகஸ்ட்டுலயே இந்தக் காத்து அடிக்குது. மார்கழில இன்னா ஆவறது?" என்று வந்த அன்றைக்கே கம்பளியை எடுத்துப் போர்த்திக்கொண்டான்.

இவர்கள் காலண்டரில் இன்று ஆகஸ்ட் ஆறுதான். சிவப்புக்காரர்கள் புதுக் காலண்டருக்கு மாறிவிட்டார்கள், அதனால் இவர்கள் மாறமாட்டார்களாம். பதின்மூன்று நாள் பின்னால் நின்றுகொண்டு சண்டையில் முன்னேறுவதாகச் சொல்கிறார்கள். சொல்லட்டும்.

ஆகஸ்ட் 27

இந்தப் படையின் ரகசியத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். அது சட்டையின் தோளில் இருக்கிறது.

இரண்டு தோளிலும் ஒவ்வொரு பட்டி. அதில் கோடும் நட்சத்திரமும் பார்த்துத்தான் யார் யாருக்கு சல்யூட் வைப்பது என்று முடிவாகிறது. ஒரு கோடு, ஒரு நட்சத்திரம் என்றால் பொடியன். நட்சத்திரம் இரண்டாகும், மூன்றாகும், நான்காகும். அதற்கு மேல் கேப்டன் ஆனதும் எல்லா நட்சத்திரமும் போய்விடும், வெறும் கோடு. அப்புறம் இரண்டு கோடும் மூன்று நட்சத்திரமும் என்றால் துணைக் கர்னல். முழுக் கர்னலுக்கு மறுபடியும் நட்சத்திரம் இல்லை, இரண்டு கோடு மட்டும். நம் பக்கம் பதவி உயர்ந்தால் ஏதாவது ஏறும். இங்கே உயர உயர உதிர்கிறது.

ரூனோவ் என்று ஒரு லெப்டினன்ட். இருபத்து நான்கு வயது இருக்கும், மீசை இன்னும் முடிவுக்கு வரவில்லை. சண்டை நடக்கும் இடம் எந்தத் திசை என்றே தெரியாமல் துறைமுகத்து ஆபீஸ் ஒன்றில் மேஜையைக் காவல் காக்கிறார். இன்று வந்து, இந்த மூன்று நட்சத்திரமும் துருப் பிடித்துவிட்டது, எடுத்துவிடு என்றார். எடுத்தேன். கேப்டனாக வெளியே போனார். கத்திரி வைத்த நேரம் அரை நிமிஷம்கூட ஆகாது. ராஜா கொடுக்க வேண்டிய பதவியை நான் கொடுத்தேன். கூலி, சர்க்கரை ஒரு பொட்டலம்.

செப்டம்பர் 8

ருஷ்யர் பேசுவதை எனக்குப் புரிந்த தமிழில்தான் இங்கே எழுதுகிறேன். பாதி இங்கிலீஷ், பாதி ருஷ்யன், மீதி கை ஜாடை.

எங்கள் துணி டிப்போ வாசலில் புதிதாக ஒரு காவல்காரர். சிப்பாய். ஐம்பது தாண்டிய நரைத்த தாடி. இடது கால் சண்டையில் அடிபட்டு வளையாது. ஆனால் நிற்கிற நிலை பார்க்க வேண்டும், அளவுநாடா வைத்துப் பிடித்த மாதிரி. பெயர் எவ்கிராஃப் நிலோவிச். இரண்டாவது அவர் அப்பா பெயரிலிருந்து வந்தது. நம் இனிஷியல் மாதிரிதான், ஆனால் முழுதாகச் சொல்லிக் கூப்பிட்டால்தான் மரியாதையாம்.

"உங்கப்பா பேரு என்ன?" என்றார்.

"அந்தோணி."

"அப்படின்னா நீங்க சின்னப்பன் அன்தோனோவிச்."

என்னை யாரும் 'நீங்க' என்று கூப்பிட்டு ஆறு வருஷம் ஆகிறது. துரை டெய்லர் என்பார். முனிரத்தினம் வாயில் வருவதை எழுத முடியாது. அப்பா இதைக் கேட்டிருந்தால் சிரித்தே செத்திருப்பார். அவர் பெயர் ருஷ்யா வரை வந்துவிட்டது.

செப்டம்பர் 21

நர்ஸ் உடுப்பு நூறு மூட்டை வந்திறங்கியது. நர்ஸ் யாரும் வரவில்லை. இன்று கடைத்தெருவில் பார்த்தால் ஆபீசர் வீட்டுப் பெண்கள் எல்லாரும் நர்ஸ். சண்டை முனையில் ஆட்கள் சாக்கைக் கட்டிக்கொண்டு திரிகிறார்களாம்.

செப்டம்பர் 30

இன்று ஒரு கூத்து. பெரிய ஜெனரல் ஒருவர் டிப்போ பார்க்க வந்தார். வாசலில் நிலோவிச் சல்யூட் வைத்தார். ஜெனரல் திரும்ப சல்யூட் வைக்கவில்லை. அவரைக் கட்டிக்கொண்டு இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். பெல்லாமி துரைக்கு முகம் சிவந்துவிட்டது. அவர் ஊரில் ஜெனரல்கள் காவல்காரனை முத்தமிடுவதில்லை போல.

சாயங்காலம் நிலோவிச்சுக்குச் சூப் கொண்டுவந்த அவர் மனைவியைக் கேட்டேன். க்ளாவ்தியா பெத்ரோவ்னா என்று பெயர். குட்டையான உருவம், நீளமான நாக்கு.

"அவர் கர்னல்" என்றார் அம்மாள். "நிஜக் கர்னல். இருபத்தஞ்சு வருஷம் கர்னல் பெண்டாட்டி ஆகணும்னு காத்துக்கிட்டிருந்தேன். ஆனேன். ஆன மறு வருஷமே சிப்பாய் பெண்டாட்டி ஆயிட்டேன்."

கதை இதுதான். போன வருஷம் பிப்ரவரியில் ரஸ்தோவ் ஊரிலிருந்து இந்தப் படை முதல் முதலாகப் புறப்பட்டபோது மொத்தமே நாலாயிரம் பேர் இருப்பார்கள். அதில் ஆபீசர்தான் அதிகம், சிப்பாய் கிடையாது. யாரை வைத்துச் சண்டை போடுவது? கர்னல்கள் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு சிப்பாய் வரிசையில் நின்றார்கள். கேப்டன் உத்தரவு போட, கர்னல் ஓடினார். நிலோவிச்சின் வரிசையில் எட்டுக் கர்னல்கள். மாஸ்கோ போய்ச் சேரும்வரை சிப்பாயாகவே இருப்பது என்று எட்டுப் பேரும் ஐகான் என்கிற சாமி படத்தில் கைவைத்துச் சத்தியம் செய்தார்களாம்.

மழையும் பனியும் சேர்ந்து அடித்த ஒரு நாளில் ஆற்றை இடுப்பளவுத் தண்ணீரில் கடந்தார்கள். கரை ஏறினதும் கோட்டு அப்படியே உறைந்து பலகையாகிவிட்டது, மடக்கினால் கை ஒடியும் என்று பயந்து நடந்தார்கள். பையில் இருந்த உத்தியோகத் தாள்கள் கூழாகிவிட்டன. அப்புறம் ஒரு பட்டணத்தைப் பிடிக்கப் போய், தலைமை ஜெனரல் தங்கியிருந்த வீட்டின்மேல் குண்டு விழுந்து அவர் செத்துப்போக, வந்த வழியே திரும்பினார்கள். இதைத்தான் பெரிய வெற்றி போலப் பதக்கம் அடித்து மார்பில் குத்தியிருக்கிறார்கள். திரும்பி வந்தவர்களுக்குப் புதுத் தாள் எழுதிக் கொடுத்தபோது நிலோவிச் தன் தாளில் சிப்பாய் என்றே எழுதச் சொல்லிவிட்டார்.

"மத்த ஏழு பேர்?" என்றேன்.

"செத்துட்டாங்க. அவங்க இருந்தாலாவது பேசி மாத்தலாம். செத்தவங்களோட பேசி எதை மாத்தறது?" அம்மாள் சூப் பாத்திரத்தை நறுக்கென்று மூடினார்.

அக்டோபர் 3

இப்போதுதான் எனக்கு உறைக்கிறது. என்னிடம் பட்டி தைத்துக்கொண்டு வெளியே போகும் ஒவ்வொரு பொய்க் கேப்டனுக்கும் வாசலில் நிஜக் கர்னல் விறைத்து நின்று சல்யூட் வைக்கிறார். இன்று நாலு பேருக்கு வைத்தார். முனிரத்தினம் அடுப்படியில் விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன்.

பிறகு அவரிடமே கேட்டுவிட்டேன். "ஐயா, இவங்க எல்லாம் என் கத்திரியில பொறந்தவங்கன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"அப்புறம் எதுக்கு சல்யூட்?"

"சல்யூட் பட்டிக்கு, சின்னப்பன் அன்தோனோவிச். உள்ள யார் இருக்காங்கன்னு பாக்கறது காவல்காரன் வேலை இல்ல. பட்டிக்கு மரியாதை போச்சுன்னா இந்தப் படையில வேற என்ன இருக்கு?"

பைத்தியக்காரர் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன், ஆனால் அவர் பக்கத்தில் நிற்கும்போது என் கூன் கொஞ்சம் நிமிர்கிறது.

அக்டோபர் 17

ஓரெல் என்ற ஊரைப் பிடித்துவிட்டார்கள். அங்கிருந்து மாஸ்கோ எட்டிப் பிடிக்கும் தூரமாம். மணி அடித்தது, பாண்டு வாசித்தது. என் மேஜை முன்னால் வரிசை. மாஸ்கோவுக்குள் நுழையும்போது யாரும் கேப்டனாக நுழைய விரும்பவில்லை. ஐந்து நாளில் பதினொரு கர்னல் தைத்தேன். ரூனோவ் துணைக் கர்னல் ஆனார். ஒரு புதுக் கோடு, பழைய மூன்று நட்சத்திரம். சர்க்கரை இப்போது மூட்டையாகவே வருகிறது.

நிலோவிச் மட்டும் வாசலில். க்ளாவ்தியா அம்மாள் என்னைத் தனியே கூப்பிட்டு, மாஸ்கோ என்று சொல்கிறார்களே, ஒரு மாசம் ஆகுமா என்று கேட்டார். தையல்காரனைக் கேட்கிறார். நான் ஆகாது என்றேன்.

நவம்பர் 24

படை திரும்பி வருகிறது. போனதைவிட வேகமாக வருகிறது.

டிசம்பர் 19

குளிர். ஊசி விரலில் குத்தினாலும் தெரியவில்லை. ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன்.

1920 ஜனவரி 14

ரஸ்தோவும் போய்விட்டது. ஊர் நிறைய அகதிகள். தெருவில், ரயில் பெட்டியில், கோயில் படியில் எங்கும் ஜனம். பேன் பிடித்து டைபஸ் காய்ச்சல் பரவுகிறது. என் வேலை குறையும் என்று நினைத்தேன், கூடிவிட்டது. தோற்கிற படையில் எல்லாருக்கும் இன்னும் ஒரு படி மேலே இருக்க வேண்டியிருக்கிறது. ரூனோவ் இன்று முழுக் கர்னல். மூன்று நட்சத்திரத்தையும் உதிர்த்துக் கொடுத்தேன். போகும்போது, இதற்கு மேல் ஜெனரலுக்கு என்ன பட்டி என்று விசாரித்துவிட்டுப் போனார்.

"ஏம்பா, இவ்ளோ கர்னலுங்க கீறாங்களே, சண்ட போட எவனாச்சும் கீறானா?" என்றான் முனிரத்தினம்.

வாசலில் ஒருவர் இருக்கிறார் என்றேன். அவன் சிரிக்கவில்லை.

மார்ச் 11

க்ளாவ்தியா அம்மாளுக்கு டைபஸ். மூன்று நாளாகச் சூப் வரவில்லையே என்று நிலோவிச்சைக் கேட்டேன். அவள் கொஞ்சம் படுத்திருக்கிறாள் என்றார். போய்ப் பார்த்தால் தணலாகக் கொதிக்கிறது. ரயில் பெட்டி ஒன்றில் ஒரு மூலை அவர்கள் வீடு. முனிரத்தினம் கஞ்சி வைத்து எடுத்து வந்தான். அம்மாள் ஒரு வாய் குடித்துவிட்டு, இதைச் சமைத்தவனைச் சுட வேண்டும் என்றார். முனிரத்தினத்துக்கு ரொம்பச் சந்தோஷம். பேச்சு இருக்கிறது, அப்படியானால் பிழைத்துக்கொள்வார் என்கிறான்.

மார்ச் 23

எல்லாரும் தப்பிக்கிறார்கள். கடல் ஒன்றுதான் வழி, கப்பல் கொஞ்சம், ஜனம் கொள்ளை. எங்கள் துரைகளுக்கான கப்பலிலேயே ருஷ்யர்களுக்கும் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஆனால் கர்னலும் கர்னலுக்கு மேலும், அவர்கள் குடும்பமும் மட்டும். மற்ற ஆபீசர்களுக்கு வேறு கப்பல் வரும் என்கிறார்கள். சிப்பாய்களுக்கு வரும் என்று யாரும் சொல்லக்கூட இல்லை.

பெல்லாமி துரையிடம் போய் நிலோவிச்சைப் பற்றிச் சொன்னேன். பட்டியலை ருஷ்யர்களே போடுகிறார்கள், நான் தலையிட முடியாது என்றார். அவர் ஸ்டோரைக் கொளுத்தும் வேலையில் இருந்தார். பிரிக்காத மூட்டைகள் மலை மாதிரி எரிந்தன. ஏழு மாசம் இந்தத் துணிக்குக் காஜா போட்டிருக்கிறேன், வயிறு எரிந்தது.

நிலோவிச்சிடம் ஓடினேன். "ஐயா, நீங்க கர்னல். நிஜக் கர்னல். ஒரு மணி நேரத்துல பட்டி தெச்சுத் தரேன்" என்றேன்.

"இன்னும் மாஸ்கோ போகலையே" என்றார்.

இந்த மனிதரை என்ன செய்வது? கோபத்தில் என் பாஷையிலேயே திட்டிவிட்டு வந்தேன். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்.

மார்ச் 25

காலையில் அவரே வந்தார். தொப்பியைக் கழற்றிவிட்டு என் மேஜைக்கு முன்னால் இருந்த பெட்டிமேல் உட்கார்ந்தார். இந்த ஏழு மாசத்தில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"யார் ஏத்திவிட்டாலும் தான் மட்டும் கப்பல்ல ஏறமாட்டேன்னு சொல்றா" என்றார். "நான் வந்தாதான் ஏறுவாளாம். இங்கயே கெடந்தா நாலு நாள் தாங்கமாட்டா. தைங்க."

"மாஸ்கோ?"

"மாஸ்கோதான் நம்மளத் தேடி வந்துக்கிட்டிருக்கே, சின்னப்பன் அன்தோனோவிச். நாளைக்கு ராத்திரிக்குள்ள வந்துடும்." சிரித்தார். அவருக்குச் சிரிக்கத் தெரியும் என்பதே எனக்கு இன்றுதான் தெரியும்.

எரியாமல் தப்பித்த ஒரு நல்ல கம்பளித் துண்டை எடுத்து வைத்திருந்தேன். அதில் வெட்டினேன். கோடு போடுமுன் இரண்டு தடவை அளந்தேன். பொய்க் கர்னல் தைக்கும்போது ஒருநாளும் அளந்ததில்லை. நான் தைக்கத் தைக்க அவர் ஏதோ பெயர்களை மெதுவாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். ஏழு பெயர். திரும்பவும் அதே ஏழு.

இதில் ஆபத்து இல்லாமல் இல்லை. சிவப்புக்காரன் கையில் சிப்பாய் மாட்டினால் தன் பட்டாளத்தில் சேர்த்துக்கொள்வான். கர்னல் மாட்டினால் சுவர் பக்கம் நிறுத்துவான். ஊரில் எல்லாருக்கும் இது தெரியும். ஆனால் நாளைக்கு அவர் கப்பலில் இருப்பாரே, பிறகு எந்தச் சிவப்புக்காரன்?

முடித்துப் போட்டுக்கொண்டதும் கண்ணாடி கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. நேராக ரயில் பெட்டிக்குப் போனார். நானும் கூடப் போனேன். அம்மாள் காய்ச்சல் கண்ணைத் திறந்து தோளைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், மறுபடி தோளைப் பார்த்தார்.

"கடைசியில வந்தியா கர்னல்?" என்றார். "இவ்வளவு நாள் எங்க ஊர் சுத்தினே?"

மார்ச் 26, கப்பலில்

ஏறிவிட்டோம். விரல் விறைத்திருக்கிறது, சுருக்கமாக எழுதுகிறேன்.

துறையில் நின்ற கூட்டத்தைச் சொல்லி முடியாது. குதிரைகளை அவிழ்த்து விட்டிருந்தார்கள், அவை கப்பலைப் பார்த்து நீந்தி வந்தன. நானும் முனிரத்தினமும் ஸ்ட்ரெச்சரில் அம்மாளைத் தூக்கிக்கொண்டோம், பக்கத்தில் நிலோவிச் நொண்டிக்கொண்டு வந்தார். கப்பல் படி வாசலில் தாள் பார்க்கிற அதிகாரி யார் என்றால் ரூனோவ். நான் தைத்த பட்டியோடு.

நிலோவிச்சின் தாளை வாங்கிப் பார்த்தார். தாள் சிப்பாய் என்றது. தோள் கர்னல் என்றது. ரூனோவ் கையை நீட்டிப் பட்டியைத் தடவினார்.

"புதுத் துணி. இங்கிலீஷ் கம்பளி. டிப்போ டெய்லர் வேலை" என்றார். "காலையிலேர்ந்து இது பதினாலாவது கர்னல். பெரியவரே, உங்க வயசுக்கு வெட்கமா இல்ல?"

மற்ற பதின்மூன்று பேரும் நான் தைத்தவர்கள்தான். அவர்களையும் திருப்பி அனுப்பியிருந்தார். இருக்கிற இடத்துக்குப் போட்டி எதற்கு?

நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். ரூனோவ் காதில் போட்டுக்கொள்ளவில்லை. காவலுக்கு நின்றவர்கள் நிலோவிச்சின் துப்பாக்கியையும் இடுப்புக் கத்தியையும் வாங்கிக்கொண்டார்கள்.

முனிரத்தினம் மட்டும் மூளையோடு இருந்தான். மேலே நின்ற பெல்லாமி துரையைப் பார்த்து, "சார், டிப்போ வாஷர்வுமன், வெரி சிக்!" என்று கத்தினான். துரை அம்மாளைப் பார்த்தார். யார் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். வேறு பக்கம் திரும்பிக்கொண்டு, தூக்கி வா என்று கையசைத்தார். அந்த மனிதரைப் பற்றி இந்தப் புத்தகத்தில் எழுதியதில் பாதியை வாபஸ் வாங்குகிறேன்.

அம்மாளுக்கு அப்போது நினைவில்லை. நிலோவிச் குனிந்து அவர் கையைப் போர்வைக்குள் எடுத்து வைத்தார். நிமிர்ந்தார். ரூனோவைப் பார்த்து, ரூனோவின் தோளைப் பார்த்து, விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார். திரும்பிக் கூட்டத்துக்குள் போனார்.

மார்ச் 27

நோவரசீஸ்க் விழுந்துவிட்டது என்று கம்பியில்லாத் தந்தியில் செய்தி. முனிரத்தினம் என்னோடு பேசவில்லை.

மார்ச் 29, கான்ஸ்டான்டிநோபிள் எதிரே நங்கூரம்

அம்மாளுக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது. கண் தெளிந்ததும் முதல் பேச்சு, "என் கர்னல் எங்க?"

"அடுத்த கப்பல்ல வராரு. ரூனோவ்கிட்ட நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்" என்றேன். அம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கஞ்சி கேட்டார்.

வெளியே வந்ததும் முனிரத்தினம் மூன்று நாளுக்கு அப்புறம் வாய் திறந்தான். "ரூனோவாண்ட எவ்ளோவோ சொன்னேன்னு அந்தம்மாவாண்ட சொல்லிக்கினு கீறியே? இன்னா சொன்ன? ஸ்ட்ரெச்சருக்கு அந்தாண்ட முனைல நாந்தான நின்னுங்கெடந்தேன். நீ வாயே தொறக்கலபா."

உண்மை. இருபத்தாறாம் தேதி எழுதியது பொய். அடித்துவிடலாம் என்று பேனாவை எடுத்தேன், அடிக்கவில்லை, இருக்கட்டும். இந்த மனிதர் நிஜம், நீதான் என் கத்திரியில் பிறந்தவன் என்று சொல்ல ஒரு மூச்சு போதும். சொன்னால் ரூனோவ் என்னையும் கீழே தள்ளிவிடுவார் என்று பயந்தேன். சொல்லியிருந்தாலும் யார் நம்புவார்கள் என்று இப்போது சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். நம்பியிருக்கமாட்டார்கள்தான். ஊரில் உள்ள எல்லாத் தோளையும் பொய்யாக்கி வைத்தவன் நான், ஒரு தோள் மட்டும் நிஜம் என்று என் வாயால் சொன்னால் எடுபடுமா? ஆனாலும் சொல்லியிருக்கலாம். வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 30

இங்கே இறங்குவதற்கு முன்னால் இங்கிலீஷ்காரர்கள் ருஷ்ய ஆபீசர்களின் பழைய பதிவேட்டை வைத்து ஆளுக்கு ஆள் சரிபார்க்கிறார்கள். இவ்வளவு கர்னல் ஒரு கப்பலில் எப்படி என்று அவர்களுக்குச் சந்தேகம். பொய் என்று தெரிந்தால் காவலில் வைக்கிறார்களாம்.

மத்தியானம் ரூனோவ் என் மூலைக்கு வந்தார். முகம் வெளுத்திருந்தது. சீக்கிரம் இதை எடுத்துவிடு டெய்லர், நான் லெப்டினன்ட்தான் என்று குழந்தை மாதிரிக் கெஞ்சினார். நல்ல வார்த்தை நாலு கேட்க வேண்டும் என்று எனக்கும் ஆசைதான். கேட்கவில்லை. கத்திரியைத் தேடினேன், கிடைக்கவில்லை. பட்டியின் நுனியை இரண்டு விரலால் பிடித்து இழுத்தேன். ஒரே இழுப்பு, கையோடு வந்துவிட்டது.

இந்த ஆட்களுக்கெல்லாம் நான் ஒற்றை நூலில், எட்ட எட்டத்தான் தைப்பது. அவர்களே அப்படித்தான் கேட்பார்கள். சிவப்புக்காரன் எதிரே வந்தால் பிய்த்து எறிந்துவிட்டு, நான் வெறும் சிப்பாய் என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருக்கும்.

ரூனோவ் போனபின் முனிரத்தினம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். என் கையில் இருந்த பட்டியைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. "கவலப்படாத சின்னப்பா. கோட்ட அவுத்துக் கடாசிட்டு எங்கனா போயிருப்பாரு" என்றான்.

இருக்கலாம் என்றேன். கோட்டில் ஒரு ஜோடி, உள்ளே சட்டையிலும் ஒரு ஜோடி தைத்தேன் என்று அவனிடம் சொல்லவில்லை. நிஜக் கர்னலாயிற்றே என்று நூலை இரட்டையாக்கி, மெழுகு தடவி, நெருக்கி நெருக்கிப் போட்டு, நாலு பக்கமும் இரண்டு சுற்று அடித்தேன். இத்தனை வருஷத்தில் அவ்வளவு நல்ல தையல் என் கையில் விழுந்ததில்லை. அதைக் கையால் பிடித்து இழுத்தால் வராது.